ரேடியோவும் வயர்லெஸ்ஸும் ஒண்ணா?



நம்ம பேச்சில் ஆங்கிலச் சொற்கள் நிறையக் கலந்துவிட்டன. லோன், பாஸ்புக், மீட்டிங், ஆடிட், கரண்ட், சார்ஜ் என்று ஒரு நாளைக்கு எத்தனை சொல்கிறோம்! தப்பில்லை. ஆனால் சில சொற்கள் அக்கா தங்கை மாதிரி முகஜாடையில் ஒன்றாக இருக்கும், குணத்தில் வேறாக இருக்கும். ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் வாங்கும் பொருள் மாறிப்போகும், கிடைக்கும் பலனும் மாறிப்போகும். அப்படிப்பட்ட இரண்டு சொற்களை இந்தப் பாடத்தில் படிப்போம். ஒன்று ரேடியோ. இன்னொன்று வயர்லெஸ்.

"இதுல படிக்க என்ன இருக்கு? ரேடியோன்னா பாட்டு கேக்குறது, வயர்லெஸ்ன்னா போலீஸ்காரர் கையில வெச்சிருக்கறது" என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, முடசல் ஓடை என்று கடலோரத்தில் இருக்கும் சகோதரிகள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சகோதரிகளுக்கு மழைக்காலம் வந்தால் கொள்ளிடமும் வெள்ளாறும் பயம் காட்டும். நம் எல்லோருக்குமே சேதி சொல்லும் கருவி என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் சகோதரியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு குழுக் கூட்டத்தில்...

ஒரு குழுக் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

உறுப்பினர்: அக்கா, எங்க போட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கணும். உள்கடன் வேணும்.

ஊக்குநர்: எந்த ரேடியோம்மா? நியூஸ் கேக்குறதா, பேசுறதா?

உறுப்பினர்: ரேடியோன்னா ரேடியோ தானேக்கா. அதுல பேச முடியுமா என்ன?

ஊக்குநர்: உன் வீட்டுக்காரர் என்ன கேட்டாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லு.

உறுப்பினர்: ஏதோ "வி.எச்.எஃப். ரேடியோ"ன்னு சொன்னாரு. நான் கடையில போய் ரேடியோன்னு கேட்டேன். சில நூறு ரூபாய்க்கே எடுத்துக் காட்டினாங்க. அவரோ ஆயிரக்கணக்குல ஆகும்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியலைக்கா.

ஊக்குநர்: உன் மேல தப்பு இல்லம்மா. அந்தச் சொல்லு அப்படி. அவர் கேக்குறது நாம வயர்லெஸ்ன்னு சொல்றோமே, அது.

பார்த்தீர்களா? கேட்டது ஒன்று, கடையில் காட்டியது ஒன்று. அந்தச் சகோதரி சில நூறு ரூபாய் ரேடியோவை வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? படகில் இருப்பவர் புயல் சேதியைக் கேட்கலாம். ஆனால் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் "நாங்க இங்க மாட்டிக்கிட்டோம்" என்று அதில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

காதும் வாயும்

வித்தியாசத்தை ஒரே வரியில் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு ரேடியோவுக்குக் காது மட்டும் உண்டு, வாய் இல்லை. வயர்லெஸ்ஸுக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு.

வானொலி நிலையத்திலிருந்து வரும் அலையை ரேடியோ பெட்டி வாங்கி, ஒலியாக மாற்றி நமக்குக் கொடுக்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. நாம் அழுதாலும் சிரித்தாலும் நிலையத்துக்குத் தெரியாது. வயர்லெஸ் செட்டில் அலையை வாங்கும் பகுதியும் இருக்கிறது, அனுப்பும் பகுதியும் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் நாம் பேசுவது போகும். விட்டால் எதிராளி பேசுவது கேட்கும்.

ரேடியோ நிலையம் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் பிராட்காஸ்ட் என்று பெயர். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வயலிலிருந்து! விதையைக் கை நிறைய அள்ளி வயல் முழுக்க வீசி விதைப்பதற்குத்தான் முதலில் பிராட்காஸ்ட் என்று பெயர். நம் டெல்டாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது உடனே புரியும். வீசி விதைக்கும்போது எந்த விதை எங்கே விழுந்தது, எது முளைத்தது என்று வீசுகிற கைக்குத் தெரியாது. ரேடியோவும் அப்படியே. சேதியை ஊருக்கெல்லாம் வீசும். யார் கேட்டார், யார் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது.

வயர்லெஸ் நாற்று நடுவதைப்போல. ஒவ்வொரு முதலாகக் கையால் ஊன்றுகிறோம். ஊன்றியது நின்றதா, சாய்ந்ததா என்று அப்போதே தெரிந்துவிடும். "சேதி வந்துதா?" என்று கேட்கலாம். "வந்துது, திரும்பிக்கிட்டு இருக்கோம்" என்று பதில் வரும்.

சொல் பிறந்த கதை

இப்போது சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

வயர் என்றால் கம்பி. லெஸ் என்று ஒரு சொல்லின் கடைசியில் வந்தால் 'இல்லாத' என்று பொருள். வயர்லெஸ் என்றால் கம்பி இல்லாதது. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் 'கேஷ்லெஸ்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கையில் பணம் கட்டாத சிகிச்சை. 'யூஸ்லெஸ்' என்றால் உபயோகம் இல்லாதது. லெஸ் என்ற வாலை ஒரு தடவை தெரிந்துகொண்டால் பல சொற்கள் தானாகப் புரியும்.

ரேடியோ என்ற சொல் லத்தீன் மொழியின் ரேடியஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் கதிர் என்று பொருள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் பொருள் உண்டு. சக்கரத்தின் நடுவிலிருந்து ஆரக்கால்கள் நாலாபக்கமும் போவதைப்போல, அலைகள் ஓரிடத்தில் கிளம்பி எல்லாப் பக்கமும் பரவுகின்றன.

ஆக, ஒரு சொல் "கம்பி இல்லை" என்கிறது. மற்றது "கதிராகப் பரவுது" என்கிறது. இரண்டும் ஒரே விஞ்ஞானத்தைத்தான் சொல்கின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

அந்தக் காலத்தில் தந்தி போக ஊருக்கு ஊர் கம்பி இழுக்க வேண்டும். நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கொல்கத்தாவில், கம்பியே இல்லாமல் அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்துக் காட்டினார். அதே காலத்தில் இத்தாலியைச் சேர்ந்த மார்க்கோனி கம்பியில்லாமல் தந்தி அனுப்பும் முறையை வளர்த்தார். அதற்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதைத்தான் தமிழில் 'கம்பியில்லாத் தந்தி' என்றார்கள்.

இதனால் முதலில் பெரிய லாபம் அடைந்தவர்கள் யார்? கடலில் போகிறவர்கள்தான். கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாதல்லவா! 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார்கள். அதைக் கேட்டு வந்த கார்பேதியா கப்பல் 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதைவிடப் பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை முடிந்து தூங்கப் போய்விட்டார். அதனால் அந்த அழைப்பு அங்கே யார் காதிலும் விழவில்லை. செட் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்க ஆளும் இருக்க வேண்டும் என்று உலகம் அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

பிறகு 1920-களில் பாட்டும் செய்தியும் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் பெட்டியை இங்கிலாந்துக்காரர்கள் 'வயர்லெஸ்' என்றே சொன்னார்கள். அமெரிக்காக்காரர்கள் 'ரேடியோ' என்றார்கள். நம் நாட்டில் இரண்டும் நுழைந்தன. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1933-ல் போட்ட சட்டத்தின் பெயரில் வயர்லெஸ் என்ற சொல் இருந்தது. 1936-ல் வானொலிக்கு வைத்த பெயர் ஆல் இந்தியா ரேடியோ. சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றிக் கதை சொல்வார்கள். 1980-களில் அது நீக்கப்பட்டது.

நாள் போகப் போக நம் பேச்சில் இரண்டு சொற்களும் பிரிந்துகொண்டன. கேட்க மட்டும் செய்வது ரேடியோ. கேட்டுப் பேசுவது வயர்லெஸ்.

இங்கேதான் கவனம் வேண்டும்

நம் பேச்சில் அப்படிப் பிரித்துவிட்டோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் விண்ணப்பம், மானியப் பட்டியல், கடை ரசீது எல்லாம் நம் பேச்சுப்படி நடப்பதில்லை.

படகில் வைத்துப் பேசும் கருவியை ஆங்கிலத்தில் 'மரைன் ரேடியோ' என்றும் 'வி.எச்.எஃப். ரேடியோ' என்றும் எழுதுவார்கள். பெயரில் ரேடியோ என்று இருந்தாலும் அது பேசும் கருவி. நம் கணக்கில் வயர்லெஸ்.

வயர்லெஸ் என்ற சொல்லோ இன்றைக்கு எங்கேயோ போய்விட்டது. பிள்ளைகள் காதில் மாட்டும் பாட்டுக் கருவி, கம்ப்யூட்டர் மவுஸ், கம்பி சொருகாமல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டு எல்லாமே பெட்டியின் மேல் 'வயர்லெஸ்' என்றுதான் போட்டிருக்கும். கம்பி இல்லை என்பதற்கு மேல் அங்கே வேறு அர்த்தம் கிடையாது. மவுஸை வைத்துக்கொண்டு கரைக்குப் பேச முடியுமா?

அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இது கேட்க மட்டுமா, பேசவும் முடியுமா?

2. எவ்வளவு தூரம் எட்டும்?

3. அந்தப் பக்கம் கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.

செல்போன் இருக்கே, போதாதா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. செல்போனும் ஒரு வகையில் வயர்லெஸ்தான். காதும் உண்டு, வாயும் உண்டு. ஆனால் அது டவரை நம்பி வாழ்கிறது. கரையை விட்டுத் தூரம் போகப் போக டவர் எட்டாது. சிக்னல் போய்விட்டால் அது வெறும் டார்ச் லைட்தான்.

வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு நேராகப் பேசலாம். ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். உயரமான ஆன்டெனா வைத்த விசைப்படகு பேசுவது வெகுதூரம் கேட்கும். தாழ்ந்த ஃபைபர் போட்டில் கையில் பிடித்துப் பேசும் செட் அந்த அளவு எட்டாது.

இன்னொரு வித்தியாசம். செல்போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டும்தான் முடியும். நம் குழுக் கூட்டத்தின் ஒழுங்குமுறை மாதிரி, ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்வார்கள். "நான் முடிச்சிட்டேன், இனி நீ பேசு" என்று அர்த்தம். பேச்சு மொத்தமும் முடிந்துவிட்டால் 'அவுட்' என்பார்கள்.

கடலில் 16-ஆம் சேனல் உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் ஒதுக்கியது. உயிருக்கு ஆபத்து என்றால் அதில் 'மேடே, மேடே, மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஓசையிலிருந்து வந்தது இது. பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சேனலில் ஊர்க்கதை பேசக் கூடாது. நாம் அரட்டை அடிக்கும் நேரத்தில் வேறு ஒரு வீட்டுப் பிள்ளையின் குரல் அமுங்கிப்போகும்.

நடந்ததைப் பார்ப்போம்

2004 டிசம்பர் 26. சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தபோது நமக்குக் காலை சுமார் 6.30 மணி. நம் கரையை அலை அடிப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் நம் குப்பங்களுக்குச் சேதி சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வலியை இங்கே விவரிக்கத் தேவையில்லை. நம்மில் பலர் அதில் பறிகொடுத்தவர்கள்.

அதே காலையில் கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது. அலை எவ்வளவு உயரம் இருக்கும், காற்று எப்படி என்று கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்லும் வழக்கமும் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது.

இதைப் பிரித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த போன் இருவழி. கேட்டு, சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி ஒருவழி. வீசி விதைப்பதுபோல ஊர் முழுக்கச் சொல்லிவிடலாம். இரண்டும் சேர்ந்தபோது உயிர் பிழைத்தது.

அந்தமானில் அதே சமயம் தொலைபேசி எல்லாம் அறுந்துபோனது. அங்கே அமெச்சூர் வயர்லெஸ் நிகழ்ச்சி ஒன்றுக்காகக் குழுவோடு போயிருந்தார் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. தன் பொழுதுபோக்குக்காகக் கற்ற வயர்லெஸ்ஸை வைத்து, யார் பிழைத்திருக்கிறார், எங்கே என்ன உதவி வேண்டும் என்ற சேதிகளைப் பிரதான நாட்டுக்கு அனுப்ப வழி செய்தார். இந்த அமெச்சூர் வயர்லெஸ்ஸை 'ஹாம் ரேடியோ' என்பார்கள். பாருங்கள், இங்கேயும் பெயரில் ரேடியோ, வேலையில் வயர்லெஸ்! 12 வயது நிரம்பிய யாரும் அரசுத் தேர்வு எழுதி இதற்கு லைசென்ஸ் வாங்கலாம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் வாங்கலாம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டி.வி. ஓடாது, செல்போனுக்குச் சார்ஜ் போட வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி போட்ட சின்ன ரேடியோதான் வெளியுலகச் சேதியைச் சொல்லும். அதனால் ரேடியோவை மட்டமாக நினைக்காதீர்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது பெரிய துணை.

2017 நவம்பர் 30. கன்னியாகுமரியை ஒக்கி புயல் தாக்கியது. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. கரையில் ரேடியோவும் டி.வி.யும் சொல்லிக்கொண்டே இருந்தாலும் கடலில் கேட்கும் கருவி இல்லை. ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் கேட்டது ஒன்றுதான்: கடலில் இருப்பவரோடு பேச எங்களுக்கு ஒரு வழி வேண்டும்.

புதிதாக வந்திருப்பவை

ஒக்கிக்குப் பிறகு சில புதுக் கருவிகள் வந்தன. அவற்றையும் நம் காது வாய்க் கணக்கில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ஜெமினி: 2019-ல் அறிமுகமானது. புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியாக வாங்கி, படகில் இருப்பவரின் செல்போனில் காட்டும். காது உண்டு. வாய் இல்லை.

டாட்: இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் சேதி போய்க் கடலோரக் காவல்படைக்குத் தெரிவிக்கப்படும். முதலில் வந்த கருவிக்கு வாய் மட்டும் உண்டு, காது இல்லை. நாம் கூப்பிட்டது அங்கே கேட்டதா என்று தெரியாமல் தவிக்க வேண்டும். பிறகு உருவாக்கிய இரண்டாம் தலைமுறைக் கருவியில் "உங்கள் சேதி கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும்.

டிரான்ஸ்பாண்டர்: மீன்பிடி படகுகளுக்கு 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாக வேலை செய்கிறது. கரையிலிருந்து எச்சரிக்கை வரும், படகிலிருந்து ஆபத்துச் சேதி போகும். காதும் வாயும் உண்டு. ஆனால் இதில் குரலில் பேச முடியாது, எழுத்துச் சேதிதான்.

நம் கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டு எண்ணைப் பார்த்து நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். கூண்டிடம் பதில் சொல்ல முடியுமா? அதுவும் ஒருவழிதான்.

ஆகவே எச்சரிக்கை சொல்லியாயிற்று என்பதோடு வேலை முடிவதில்லை. கேட்டாயிற்று என்று பதில் வந்தால்தான் முடிகிறது. ரேடியோ என்ற சொல்லுக்கும் வயர்லெஸ் என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்தப் பதில்தான்.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருக்கட்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே பேட்டரி மாற்றி வையுங்கள்.

வீட்டுக்காரரோ, மகனோ, அண்ணன் தம்பியோ போகும் படகில் என்ன கருவி இருக்கிறது என்று கேளுங்கள். "உனக்கெதுக்கு அது?" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். கரையில் காத்திருப்பது நாம்தானே! கேட்க மட்டுமா, பேசவுமா, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படகின் பதிவு எண், கிளம்பிய நாள், எத்தனை பேர், யார் யார், எந்தத் திசை, எப்போது திரும்புவார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆபத்து நேரத்தில் அதிகாரிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. புயல் வெள்ளத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

வயர்லெஸ் செட் வாங்கக் குழுவில் கடன் கேட்டால், வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். பேசும் கருவிக்கு அனுமதி விதிகள் உண்டு. கடையில் கிடைக்கிறது, விலை குறைவு என்று விளையாட்டு வாக்கி டாக்கியை வாங்கிக் கடலுக்கு அனுப்பக் கூடாது. மானியமோ இலவசத் திட்டமோ இருந்தால் அதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

தீர்மான நோட்டில் எழுதும்போது 'ரேடியோ வாங்க' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'கேட்கவும் பேசவும் கூடிய படகு வயர்லெஸ் செட் வாங்க' என்று தெளிவாக எழுதுங்கள். எழுத்தில் தெளிவு இருந்தால் பிறகு தகராறு இல்லை.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்குக் காது உண்டா, வாய் உண்டா, இரண்டும் உண்டா என்று குழுவில் ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள்.

1. டீக்கடை ரேடியோ
2. போலீஸ்காரர் கையில் இருக்கும் வயர்லெஸ்
3. வி.எச்.எஃப். ரேடியோ
4. ஜெமினி
5. முதலில் வந்த டாட் கருவி
6. டவர் இருக்கும் இடத்தில் செல்போன்
7. டவர் இல்லாத நடுக்கடலில் செல்போன்

விடைகள்: 1. காது. 2. இரண்டும். 3. இரண்டும். 4. காது. 5. வாய். 6. இரண்டும். 7. இரண்டும் இல்லை.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் ஊருக்குப் புயல், வெள்ள எச்சரிக்கை எந்த வழியில் வருகிறது? கரண்ட் போனால் அந்த வழி வேலை செய்யுமா? காது கேட்காத பாட்டிக்கும், தனியாக இருக்கும் சகோதரிக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் யார் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு "கேட்டேன், கிளம்பிட்டேன்" என்ற பதிலை யார் வாங்கி வருவது? ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு உறுப்பினரை முடிவு செய்து, பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ரேடியோ சொல்லிவிட்டுப் போகும் சேதிக்குப் பதில் வாங்கி வருபவர் அவர்தான்.

இந்தப் பாடத்தை வீட்டில் உள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.